கேக் காட்சிக்கான சிரிப்பு

ஒருவர் இறந்துபோன செய்தியைக் குழந்தைகளிடம் எப்போது சொல்ல வேண்டும்? அவர்கள் சிரித்து நடிக்க வேண்டிய ஷாட்டுக்கு முன்பா, பின்பா? நான் முன்பே சொன்னேன். அது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சினிமாவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு வர நினைக்கும் சில பெண்கள் என்னிடம் அனுபவம் கேட்கிறார்கள். எனக்கு இருப்பது ஒரே ஒரு படத்தின் அனுபவம். அதை எழுதுகிறேன்.

1. வேலை வந்த விதம்

நாங்கள் கொல்கத்தாவில், பவானிபூரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பம். கணவர் வங்கியில் அதிகாரி. நான் கல்யாணத்துக்கு முன் நர்சரிப் பள்ளியில் பாடம் நடத்தியவள். எங்கள் மகள் மீனு, டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் எடுத்த ஒரு வங்காளக் கிறிஸ்துமஸ் நகைச்சுவைப் படத்தில் நடித்தாள். ஒரு சிடுமூஞ்சிக் கணக்கு வாத்தியார், கிறிஸ்துமஸுக்கு நாடகம் போடச் சொல்லி அவர் தலையில் கட்டப்பட்ட ஒரு வகுப்பு, அவ்வளவுதான் கதை. படம் நன்றாக ஓடியது. இரண்டாம் பாகம் எடுக்க முடிவானபோது அதே வாத்தியார், அதே பிள்ளைகள்.

முதல் பாகத்தின்போது மீனுவோடு தினமும் போய், மற்ற பிள்ளைகளுக்கும் தலைவாரி, சாப்பிட வைத்து, பாத்ரூமுக்கு அழைத்துப் போனவள் நான். புரொடக்‌ஷன் மேனேஜர் அதைப் பார்த்திருந்தார். "பௌதி, எப்படியும் வரத்தான் போறீங்க. இந்தத் தடவை சம்பளம் வாங்கிட்டு வாங்க," என்றார். பௌதி என்றால் அண்ணி. யூனிட் முழுவதற்கும் நான் அண்ணி ஆனேன். சைல்ட் கோஆர்டினேட்டர் என்று கழுத்தில் அட்டை மாட்டினார்கள்.

மழைக்காலத்தில் டிசம்பரை எடுத்தார்கள். வெளியே கொட்டும் மழை, ஸ்டூடியோ ஃப்ளோருக்குள் பஞ்சில் செய்த பனி. சுட்டெரிக்கும் லைட்டுகளுக்குக் கீழே பிள்ளைகள் கம்பளி ஸ்வெட்டரும் மங்கி கேப்பும் போட்டு நிற்பார்கள். கட் சொன்னதும் ஓடிப்போய்க் குல்லாவைக் கழற்றி, வியர்வை துடைத்து, தண்ணீர் கொடுத்து, கண்டினியூட்டி போட்டோவைப் பார்த்து முன்பு இருந்த மாதிரியே மாட்டிவிட வேண்டும். பசியோடு ஒரு குழந்தையையும் ஷாட்டுக்கு அனுப்பாதீர்கள். நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

2. லுக்

வாத்தியாராக நடித்தவரைப் பிள்ளைகள் ஜேட்டு என்பார்கள். வங்காள மொழியில் பெரியப்பா. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பிள்ளைகளின் ரியாக்‌ஷன் ஷாட் எடுக்கும்போது பெரிய நடிகர்கள் பொதுவாக வேனில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். யாராவது உதவி டைரக்டர் கேமரா பக்கத்தில் நின்று, அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் தன் முகத்தை வைத்து லுக் கொடுப்பார். ஜேட்டு அப்படி விடமாட்டார். தன் வேலை முடிந்த பிறகும் தானே கேமரா ஓரம் வந்து நிற்பார். ஒரு தடவை செய்த சேஷ்டையை மறுபடி செய்யமாட்டார். ஒரு நாள் ஆரஞ்சுத் தோலைப் பல்லாக வைத்துக்கொண்டு வந்தார். குழந்தைகள் நடிக்கவில்லை, சிரித்தார்கள். முதல் பாகம் ஓடியதற்கு அந்தச் சிரிப்புதான் காரணம் என்று டைரக்டரே சொல்வார்.

மீனுவைக் கண்டால் அவருக்கு வம்பு இழுக்காமல் இருக்க முடியாது. "மேடம் இட்லி, வந்தாச்சா? தள்ளி நில்லு, உன் சாம்பார் வாசனையில லென்ஸ் மங்குது," என்பார்.

"உங்க மீன் வாசனையில லென்ஸே எழுந்து ஓடிடும் ஜேட்டு," என்பாள் அவள்.

3. செட்டின் கடைசி நாள்

கதையில் வாத்தியார் பெரிய கேக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் நுழைந்து, பஞ்சுப் பனியில் வழுக்கி அதன் மேலேயே விழுவார். அவர் விழுந்ததை முந்தைய நாள் எடுத்து முடித்திருந்தார்கள். பிள்ளைகள் சிரிப்பது மட்டும் பாக்கி.

காலையில் நான் பிள்ளைகளுக்கு மேக்கப் போட அழைத்துப் போனபோது மேக்கப் போடும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் காதில் விழாதபடி என்னை ஓரமாக அழைத்து, விடியற்காலையில் ஜேட்டுவுக்கு மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது என்றாள்.

படப்பிடிப்பை நிறுத்த முடியாதா என்று எல்லோருமே கேட்டார்கள். மறுநாளே செட்டைப் பிரித்து அந்த ஃப்ளோரை ஒரு சீரியலுக்குக் கொடுத்தாக வேண்டும். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கியிருந்தது. இந்த ஒரு ஷாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லோரும் அவர் வீட்டுக்குப் போவது என்று முடிவாயிற்று. பிள்ளைகளிடம் சொல்வதா வேண்டாமா என்பதில்தான் முடிவு வரவில்லை. இரண்டு அம்மாக்கள் ஷாட் முடியட்டும் என்றார்கள். டைரக்டர் என்னைத் தனியே அழைத்தார்.

"பௌதி, நான் எது சொன்னாலும் ஷாட்டுக்காகச் சொன்னதா ஆயிடும். நீங்க ஒரு அம்மா. நீங்க முடிவு பண்ணுங்க."

என் அப்பா சென்னையில் காலமானபோது எனக்குக் கல்லூரிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. கடைசித் தாள் எழுதிவிட்டு வந்த பிறகுதான் சொன்னார்கள். அந்தத் தாளை நன்றாக எழுதிய சந்தோஷத்தோடு வீட்டுக்கு வந்தவள் நான். அதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசும். அதோடு, லைட் பாய்கள் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். யாராவது ஒருவர் வாயிலிருந்து இந்தப் பிள்ளைகள் கேட்பதைவிட நான் சொல்வது மேல் என்று பட்டது.

அந்தப் போலி வகுப்பறை பெஞ்சுகளில் அவர்களை உட்கார வைத்துச் சொன்னேன். யாரும் அழவில்லை. டுடுல் என்ற பையன்தான் எல்லோரிலும் சிறியவன். அவன் கேட்டான்: "நேத்து விழுந்தாரே, அதனாலயா?"

இல்லை, இது நெஞ்சில் வந்த நோய், விழுந்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். பிறகுதான் அழுதார்கள். மீனு அழவில்லை. என் மடியில் சாய்ந்திருந்த டுடுலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவி, பவுடர் போட்டு, குல்லா மாட்டி அவர்களை நிறுத்தினோம். லுக் கொடுக்க நான் நின்றேன். ஜேட்டுவின் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி மேல் ஏறினேன். கேமரா ஓடியது. என் முகத்தில் ஒன்றும் வரவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்தபடி இருந்தார்கள். அப்போது மீனு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பெஞ்சில் சரிந்து, கண்ணில் நீர் வரும்படி சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். ஒரே டேக்கில் ஓகே ஆயிற்று. டைரக்டர் மானிட்டரை விட்டு எழுந்து செட்டுக்குப் பின்னால் போய்விட்டார். நான் பெட்டியிலிருந்து இறங்கி அவளைக் கட்டிக்கொண்டேன். தைரியமான குழந்தை என்று அப்போது பெருமைப்பட்டேன்.

4. பிறகு

பரீட்சை வந்தது, துர்கா பூஜை விடுமுறை வந்து போனது. மீனு வழக்கம்போல இருந்தாள். அடிக்கடி சிரித்தாள். அந்தச் சிரிப்பில் எனக்கு மட்டும் ஏதோ இடறியது. கணவரிடம் சொன்னபோது, "சிரிக்கிறா இல்ல, அப்புறம் என்ன? நீதான் எதையாவது போட்டுக் குழப்பிக்கிறே," என்றார்.

விடுமுறை முடிந்ததும் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். மைதானத்தில் ஒரு பெண் விழுந்து நெற்றி கிழிந்து ரத்தம் கொட்டியபோது எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். மீனு மட்டும் நின்ற இடத்திலேயே நின்று சிரித்திருக்கிறாள். வீட்டில் என்ன சொல்லி வளர்க்கிறீர்கள் என்று கிளாஸ் மிஸ் கேட்டார். மன்னிப்புக் கேட்டுவிட்டு மீனுவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

திரும்பும் வழியில், ஆட்டோவில், ஏன் சிரித்தாய் என்று மெதுவாகக் கேட்டேன்.

"யாராவது விழுந்தா தானா வந்துடுதும்மா. நிறுத்தத் தெரியல."

நான் அவள் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். ஆட்டோ காளிகாட்டைத் தாண்டியது. மீனு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"கேக் மேல விழுந்தாரே, அன்னிக்கு அந்த ஷாட் முடிஞ்சப்புறம் இன்னொரு தடவை விழுங்க ஜேட்டுன்னு நான்தான் கேட்டேன். சும்மா, எனக்காக. விழுந்து காமிச்சார்."

டுடுலுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொன்னேன். நெஞ்சு நோய், விழுந்ததால் இல்லை, நீ காரணமே இல்லை. ஜேட்டுவைப் பார்த்த டாக்டர் சொன்னதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பி, "தெரியும்மா," என்று சிரித்தாள். ஷாட்டில் சிரித்த அதே சிரிப்பு. பெட்டி மேல் நின்று பார்த்தவள் நான், எனக்கு அது தெரியும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். உண்மையைச் சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைத்தேன். சொன்ன பிறகு அந்தப் பெஞ்சிலேயே அவர்களோடு உட்கார்ந்திருக்க வேண்டும். கேள்வி கேட்ட குழந்தைக்குப் பதில் சொன்னேன். கேட்காத குழந்தையிடம் போகவில்லை. யாருடைய கால் ஷீட்டுக்காகவும் அவர்களை எழுப்பி நிறுத்தியிருக்கக் கூடாது. ஆனால் சொல்லாமலே எடுத்திருந்தால் அவள் உண்மையாகவே சிரித்திருப்பாளோ, பிறகு செய்தி தெரியும்போது அது இன்னும் மோசமாகியிருக்குமோ என்றும் தோன்றுகிறது.

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் படம் வருகிறது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் தனிக்காட்சி வைத்து அழைத்திருக்கிறார்கள். போக வேண்டாம் என்று நான் நினைத்திருந்தேன். மீனுதான் போகலாம் என்கிறாள்.

"அங்க எல்லாரும் சிரிப்பாங்கல்லம்மா? அப்போ நான் சிரிச்சா யாரும் திட்டமாட்டாங்க."

ஒரு மனநல மருத்துவரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அது படம் வந்த பிறகுதான் கிடைத்திருக்கிறது. அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும். பிள்ளை வளர்த்தவர்களும், வகுப்பறையில் நிற்பவர்களும், இதே வேலையில் இருப்பவர்களும் சொல்லுங்கள். நான் இவளை அந்தத் தியேட்டருக்கு அழைத்துப் போகலாமா? போனால், அவர் விழும் இடம் திரையில் வரும்போது என் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து நான் என்ன செய்ய வேண்டும்?