கடலுக்குக் கிடைத்த விடுதலை

வியாழன், காலை 7.40. சென்னை சென்ட்ரலிலிருந்து பெங்களூர் ரயில் கிளம்பியபோது கலாவதியின் மடியில் ஒரு தெர்மாகோல் பெட்டி இருந்தது. உள்ளே, ஐஸ் பைகளுக்கு நடுவே, அலுமினியத் தாளில் சுற்றிய ஆறு வட்ட வடிகட்டித் தாள்கள். ஒவ்வொன்றும் அவர் மொட்டைமாடியில் பம்பு வழியாக ஒரு நாள் காற்றைக் குடித்தது. முந்தைய இருபத்துநாலும் பெங்களூர் ஆய்வுக்கூடத்துக்குக் கூரியரில் போய்விட்டன. கடைசி ஆறை யாரிடமும் கொடுக்க அவருக்கு மனமில்லை.

கலாவதி சென்னைக்கு வடக்கே ஒரு குப்பத்தில் கருவாடு காய வைக்கிறவர். நான் பல வருடமாய் அவரிடம் நெத்திலி வாங்குகிறவள். வீட்டில் கால் தரிக்காதவள் என்பதால் துணைக்கு ஒட்டிக்கொண்டேன். அங்கே காய வைக்கும் பெண்களுக்கு மூச்சிரைப்பு. காற்றைச் சோதிக்கச் சொல்லிக் கலெக்டரிடம் மனு கொடுத்தார்கள். "கடற்கரைக் காற்றில் இருப்பது உப்புத் துகள், பழகிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. வரும் திங்கட்கிழமைக் கூட்டத்தில் காரணம் உப்பு இல்லை என்று காட்டாவிட்டால் மனு மூடப்படும்.

ஜோலார்பேட்டை தாண்டிக் காற்று மெலிந்தது. ஆந்திரத்துக்குள் 'குப்பம்' என்ற பலகையைப் பார்த்துக் கலாவதி எழுந்தே விட்டார். "யக்கா, குப்பம்னு போட்டுகினு கடலே இல்லாம கீறானுங்க!"

பிற்பகல் 1.50. ஏறக்குறைய முந்நூற்று அறுபது கிலோமீட்டர் முடிந்து, ஸ்டேஷன் வாசலில் ஆட்டோ. மல்லேஸ்வரத்துக்கு நூற்று இருபது ரூபாய். ஓட்டுநர் ஸ்ரீராம்புரத்துத் தமிழர். பெட்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்தார்.

"மீனாக்கா? வாசன ஏறுச்சுன்னா ஒரு வாரம் எந்த ஐடி பார்ட்டியும் நம்ம வண்டில ஏறாது."

"காத்துப்பா," என்றார் கலாவதி.

"காத்தா! எங்க ஏரியால ஃப்ரீயா கெடைக்குது. மெட்ராஸ்லேர்ந்து பார்சல் எதுக்கு?"

"உங்க ஊர்லதான அதுக்குள்ள இன்னா கீதுன்னு சொல்ற மிஷினு கீது."

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே முன்னால் நின்ற வண்டியைப் பார்த்துக் கன்னடத்தில், "ஏ குரு, ஸ்வல்ப ஜாகா பிடு!" என்று கத்தி வழி வாங்கினார்.

2.30. ஆய்வுக்கூடத்தில் ஸ்டெல்லா காத்திருந்தார். கன்டோன்மென்ட்டில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்; வேதியியல் ஆராய்ச்சியாளர்; பம்பைக் கொடுத்தனுப்பியதும் அவர்தான். தாள்களைத் தண்ணீரில் ஊற வைத்து, அந்தச் சாற்றை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குக் கொடுத்தார். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்கே இருக்கும் துகள்கள், திரையில் மலைகளாக எழுந்தன.

"கடல் தண்ணியில இவ்ளோ சோடியம்னா இவ்ளோ சல்ஃபேட்னு ஒரு பங்கு இருக்குக்கா. எந்த பீச்சுக்குப் போனாலும் அதேதான். அதுக்கு மேல இருக்கறது கடல் குடுத்ததில்ல. எங்கயோ ஏதோ எரியுது."

இதுவரை வந்த தாள்களில் அந்தப் பங்கைத் தாண்டி சல்ஃபேட் மலை நிமிர்ந்து நின்றதாம். இன்றைய முதல் மூன்றிலும் அப்படியே. நாலாவதில் ஸ்டெல்லாவின் புருவம் சுருங்கியது. பொட்டாசியம் தாறுமாறாக ஏறியிருந்தது.

"பக்கத்துல வெறகு, கிறகு எரிச்சீங்களா? காரணம் தெரியலன்னா மொத்த செட் மேலயும் டவுட் வந்துடும்."

கலாவதி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஆயுத பூஜைம்மா. பம்புக்குப் பொட்டு வெச்சு, ஊதுபத்தி ஏத்தி, சாம்பிராணியும் போட்டேன். ஒரு மாசமா எங்களுக்காக மூச்சு இழுக்குது. அத்த மட்டும் எப்படி சும்மா வுடறது?"

ஸ்டெல்லா தேதியை நோட்டில் சரிபார்த்தார். பிறகு குலுங்கிச் சிரித்தபடி தன் இயந்திரத்தின் பக்கவாட்டைக் காட்டினார். காய்ந்த குங்குமப் பொட்டு! "நான் சர்ச்சுக்குப் போறவ. ஆனா இங்கயும் வருஷா வருஷம் வெச்சுடுவாங்க. ஊதுபத்தி மட்டும் கேட்டுக்கு வெளில."

அந்த நாளைக் கணக்கிலிருந்து அடித்தார். கலாவதி திரையருகே போய் நின்றார்.

"ஒரு ஊதுபத்திய இது கண்டுபுடிச்சுதா?"

"ஆமாக்கா."

"அப்ப அந்தத் தாளையும் சேத்தே குடும்மா. நான் சாமி கும்பிட்டதையே புட்டு புட்டு வெச்ச மிஷினு, உப்ப மட்டும் பாக்காம வுட்ருமான்னு கூட்டத்துல கேக்கறேன்."

மாலை 5.15. மீதி இரண்டு தாள்களும் முதல் மூன்று சொன்னதையே சொல்லின. எவருடைய நெருப்பு என்று சொல்ல உலோகங்களைப் பார்க்கும் வேறொரு சோதனை வேண்டும் என்றார் ஸ்டெல்லா. ஆனால் கடல் உப்பு காரணமல்ல என்று எழுதிக் கையெழுத்திட்டார். மல்லேஸ்வரத்தில் இருபது ரூபாய்க்கு நான் குடித்த காபி, அரசர்களுக்கு வாய்க்காத காபி.

வெள்ளி, காலை 6.20. ஊர் திரும்பும் ரயில். பெங்களூர்க் காற்று குளிர்ந்தது, இனிது, ஆனால் உதட்டை நக்கினால் ஒன்றுமில்லை. எங்கள் கரையிலோ காற்றுக்கே ருசி உண்டு. அந்த ருசியின் மேல் போட்ட பழிதான் நேற்று இறங்கியது. அருகில் கலாவதி, கூடக் கருவாடு காய வைக்கும் தோழியிடம், போனில் ரயில் பெட்டியே கேட்க முழங்கினார்:

"ஏய் தேவி, கடல் மேல ஒரு தப்பும் இல்லியாம்! கையெழுத்துப் போட்டுக் குட்த்துட்டாங்கடி. திங்கக்கெழம ஒருத்தி பாக்கியில்லாம கெளம்புங்க. மீனு ஒரு நாளு லேட்டாக் காயட்டும்!"