ஏழாம் இலக்கத் தட்டு

யாராவது காலை இழுத்து இழுத்து நடக்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் தலை நிமிர்ந்து பார்ப்பதில்லை. யாரென்று பார்த்துவிடுவேனோ என்ற பயம். பேய் பிசாசில் நம்பிக்கையில்லாதவன் என்று மேடையில் பேசுகிற ஆள் நான்.

இலங்கை மலையகத்தில், மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் அப்போது எனக்குக் கிளாக்கர் வேலை. பதுளையில் பழைய புத்தகக் குவியலில் ஒரு கையேடு அகப்பட்டது: வீண் வேலையைக் களைவது எப்படி. கதைப்புத்தகம் போல ஒரே மூச்சில் வாசித்தேன். மறுநாளே மணிக்கூடும் கையுமாகக் குச்சி பொறுக்கும் அறையில் போய் நின்றேன்.

அங்கே எட்டுப் பெண்கள். தட்டில் தேயிலையைப் பரப்பி, குச்சியும் நாரும் பொறுக்கி, பிறகு தட்டைக் குலுக்கி இன்னொரு தடவை பார்ப்பார்கள். அந்த இரண்டாவது பார்வைதான் வீண் என்று கண்டுபிடித்து நிறுத்தினேன். கூடவே, பிழை வந்தால் ஆளைப் பிடிக்க ஆளுக்கொரு இலக்கம். தேயிலைப் பெட்டிக்குள் பொறுக்கியவளின் இலக்கச் சீட்டும் போகும்.

"ஒரு தடவ பாத்தா தெரியாதுங்க ஐயா," என்றாள் ஏழாம் இலக்கக்காரி.

"கண்ணாடி வாங்கிப் போடு," என்றேன். அறையே சிரித்தது. அவளும் சிரித்தாள். நகைச்சுவையில் எனக்குக் கிடைத்த முதல் வெற்றி அதுதான்.

மலையில் விழுந்து முழங்கால் உடைந்தவள் அவள். அதனால்தான் உட்கார்ந்து செய்கிற இந்த வேலை. மறுபடி கொழுந்து பறிக்க அனுப்பினால் அவளால் ஏற முடியாதென்பது தோட்டத்துக்கே தெரியும்.

சில வாரத்தில் கொழும்பிலிருந்து, தேயிலை வாங்குகிற கம்பெனியின் கடிதம் வந்தது. ஒரு பெட்டியில் கூடையிலிருந்து உதிர்ந்த மூங்கில் சிலாம்பு, சீட்டில் ஏழு. என் முறை அற்புதமாக வேலை செய்தது.

விசாரித்த சின்னத்துரை, அதாவது உதவி மானேஜர், சீமையிலிருந்து புதிதாக வந்தவர். தமிழ் சலாமோடு சரி. மொழிபெயர்ப்புக்கு நான்.

"ரெண்டாவது தடவ பாக்க வேணாம்னு ஐயாதானுங்க சொன்னாங்க," என்றாள் அவள், மேசை விளிம்பைப் பிடித்தபடி. "அத மட்டும் தொரைகிட்ட சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

துரை என்னைப் பார்த்தார். இலக்கணப் பிழை ஒன்றுமில்லாத இங்கிலீஷில் நான் சொன்னேன்: கவனக்குறைவுதானாம், மன்னிக்கட்டுமாம்.

உண்மையை ஒப்புக்கொண்டாளே என்று துரை இரங்கினார். வேலையிலிருந்து நிறுத்தவில்லை. மலைக்கு அனுப்பினார்.

அடுத்த வாரம் இரண்டாவது பார்வையைத் திரும்பக் கொண்டுவந்தேன், என் புதிய யோசனையாக. பாராட்டுக் கிடைத்தது. மாலையில் கொழுந்து நிறுக்க வரும் வரிசையில் கடைசியாக, சரளைக்கல்லில் ஒரு கால் இழுபடும். நான் மேசையை ஜன்னலுக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டேன். சத்தத்துக்கு அது போதவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பசறை பஸ்ஸுக்கு நின்றபோது பக்கத்தில் வந்தாள்.

"நான் சொன்னத அன்னைக்குத் தொரைகிட்ட சொன்னீங்கதானே ஐயா?"

"சொன்னேன்."

"அப்ப தொரைக்குத்தான் மனசு எறங்கல," என்றாள். "நீங்க என்ன செய்வீங்க, பாவம்."

பஸ் வந்தது. அவள் ஏறட்டும் என்று ஒதுங்கினேன்.

"ஐயா மொதல்ல ஏறுங்க," என்று அவள் படியை விட்டு விலகி நின்றாள்.

நான்தான் முதலில் ஏறினேன்.