ஸ்டான்லி சாரின் பச்சைப் புள்ளி

கம்பம் ஊரில் ஒரு அரசு அலுவலகத்தில் ஞானசெல்விக்குக் கம்ப்யூட்டர் பொறுப்பு. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் போவாள். மற்றவர்கள் மானிட்டரில் ஒட்டிவைக்கும் பாஸ்வேர்டு சீட்டுகளைக் கிழித்துப் போடுவாள். "அக்கா கண்ணுக்கு நாமெல்லாம் களவாணிதேன்" என்று சிரித்துவிட்டு, அவளைக் கூப்பிடாமலே டீக்குப் போவார்கள்.

கூப்பிடுகிற ஒரே ஆள் பக்கத்து சீட்டு ஸ்டான்லி சார். பொங்கல் லீவில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார்.

அதற்குப் பிறகும் தினமும் காலையில் திரையில் அவர் பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்ளே இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிந்தது. அவர் கணக்கின் பாஸ்வேர்டு எல்லாருக்கும் தெரியும். அவசரத்துக்கு ஆளாளுக்கு அதில் நுழைந்து கோப்புகளை நகர்த்தினார்கள். அந்தக் கணக்கை மூட வேண்டியவள் ஞானசெல்விதான். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள். அந்தப் புள்ளியைப் பார்த்தால்தான் அவளுக்கு வேலை ஓடும்.

பங்குனியில் ஸ்டான்லியின் மனைவி ஜெபஷீலா, குடும்ப பென்ஷன் மனு என்ன ஆனது என்று கேட்டு வந்தாள். குறை இருப்பதாகத் திருப்பியிருந்தார்கள்.

ஜெபஷீலா ஞானசெல்வியின் திரையைக் குனிந்து பார்த்தாள். "திருப்புனது எங்க வீட்டுக்காரவுக பேருல இருக்கே?"

"அவசரத்துல நாந்தேன் அதுல போட்டுட்டேன்க்கா" என்றான் பின் சீட்டிலிருந்த விஷால்.

ஜெபஷீலா போனதும் ஞானசெல்வி கணக்கை மூடினாள். புள்ளி அணைந்தது.

அப்படியே தன் பாஸ்வேர்டையும் மாற்றிவிட நினைத்தாள். காய்ச்சலில் படுத்திருந்த ஒருநாள் அதை ஸ்டான்லி சாரிடம் மட்டும் போனில் சொல்லியிருந்தாள். மாற்றும் பக்கத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாற்றாமலே மூடிவிட்டாள். அது தெரிந்த ஆள் இனி யாருமில்லை.