ஆறாம் மாடியில் இறங்காதவள்

மெல்பர்னில் காலின்ஸ் தெருவின் மேல்கோடியில் வெலிங்டன் பேலஸ் என்று ஒரு ஹோட்டல் இருந்தது. ஆறு மாடி, உச்சியில் ஒரு குவிமாடம், வாசலில் பளிங்குப் படிகள். கட்டியவர்கள் மதுவிலக்குக்காரர்கள். ஊரையே காபி குடிக்க வைத்துத் திருத்திவிடலாம் என்று நம்பி, கூடத்தின் நடுவில் தண்ணீர்க் குடம் ஏந்திய ஒரு கல் பெண்ணையும் நிறுத்தினார்கள். ஊர் திருந்தவில்லை. முப்பத்தைந்து வருடம் கழித்து ஹோட்டல்தான் மனம் மாறி மது உரிமம் வாங்கிக்கொண்டது. கல் பெண்ணின் காலடியிலேயே பார் திறந்தார்கள். குடித்தவர்கள் தொப்பியை அவள் குடத்தில் மாட்டிவிட்டுப் போவார்கள்.

அங்கே டெலிபோன் போர்டில் பதினெட்டு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். லிஃப்ட் ஓட்டியவள் டாட் கில்ஹூலி.

டாட், ஊரின் மேற்கே தொழிற்சாலைகள் சூழ்ந்த ஃபுட்ஸ்க்ரேயில் பிறந்தவள். அப்பா டிராம் ஓட்டினார். "அவரு குறுக்கால ஓட்டுனாரு, நான் நெடுக்கால ஓட்டுறேன்" என்பாள். இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்து, வெள்ளைக் கையுறை போட்டு, பித்தளைக் கைப்பிடியைப் பிடித்தவள் முப்பத்தினாலு வருடம் விடவில்லை. அந்தக் காலத்து லிஃப்டில் பொத்தான் கிடையாது. கைப்பிடியைத் திருப்பி, சரியான நொடியில் விட்டால்தான் தளத்தோடு சமமாக நிற்கும். டாட் நிறுத்தினால் ஒரு காசு உயரம்கூட வித்தியாசம் இருக்காது.

ஏறுகிறவர்களின் முகத்தை அவள் பார்க்க மாட்டாள், காலணியைத்தான் பார்ப்பாள். "புது ஷூ, பழைய சாக்ஸு. கல்யாணம் பண்ணிக்கிட்டு ஓடி வந்திருக்கான்" என்று எனக்கு போனில் சொல்வாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். பிஷப்பானாலும் குதிரைப் பந்தயக்காரனானாலும் எல்லோரும் அவளுக்குக் 'கண்ணு'தான்.

ஆனால் ஒன்று. லிஃப்ட் ஓட்டுகிறவள் லிஃப்டை விட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம். ஊழியர்கள் பின்வாசல் வழியாக வந்து பின்வாசல் வழியாகப் போகவேண்டும். ஆறாம் மாடியில் பெரிய மனிதர்கள் தங்கும் ராஜ அறை இருந்தது. டாட் ஒரு நாளைக்கு நாற்பது முறை ஆறாம் மாடிக்குப் போவாள். ஒருமுறைகூட அந்தத் தரையில் கால் வைத்ததில்லை.

எழுபத்தொன்றாம் வருடம், ஹோட்டலை விற்றுவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. இடித்துவிட்டுக் கண்ணாடிக் கட்டடம் கட்டப்போகிறார்களாம். மேனேஜரைக் கேட்டால் தும்முவார். மேலிடத்தில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கம்பெனித் தலைவர் லாத்பரி வந்தார். ஆறாம் மாடிக்குப் போக லிஃப்டில் ஏறினார். மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் டாட் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள்.

எனக்கு லிஃப்ட் போன் அடித்தது.

"பெவ், லிஃப்டு நின்னுடுச்சு. மெக்கானிக்குக்குச் சொல்லு. அவசரமில்ல, அவன் டீ குடிச்சு முடிச்சிட்டே வரட்டும்."

சொல்லிவிட்டு அவள் போனை வைக்கவில்லை, கொக்கியில் தொங்கவிட்டாள். எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு வயரை சமையலறைக்குச் சொருகினேன். இன்னொன்றை சலவை அறைக்கு. மற்றொன்றை வரவேற்பு மேஜைக்கு. ஹோட்டலே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"ஏன் நின்னுச்சு?" லாத்பரியின் குரல்.

"வயசாச்சு சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது அதோட மனசப் பொறுத்தது சார். ஸ்டூலு இருக்கு, உக்காருங்க."

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு டாட்: "சார், ஒண்ணு கேக்கலாமா? இந்த ஹோட்டல இடிக்கப் போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. நீங்கதான் சொல்லல."

"பாரும்மா, அதெல்லாம் கம்பெனி விஷயம்."

"சரிங்க சார். இந்த லிஃப்டுல ஒரு தடவை ஒருத்தர் மூணு மணி நேரம் மாட்டிக்கிட்டாரு. பாவம், வரும்போது வயிறு முட்ட காபி குடிச்சிருந்தாரு."

லாத்பரியும் காபி குடித்துவிட்டுத்தான் வந்திருந்தார். சமையலறையில் யாரோ சிரித்தது என் காதில் விழுந்தது.

"மார்ச் மாசம்" என்றார் கடைசியில். "மார்ச்சுல இடிக்கிறோம். போதுமா?"

சலவை அறையில் யாரோ இரும்பு வாளியைக் கீழே போட்டார்கள். எங்களில் பாதிப் பேருக்கு இந்த ஹோட்டல் தவிர வேறு வேலை தெரியாது. 

டாட்டின் குரல் ஒரு கணம் இறங்கியது. "நன்றி சார். மூஞ்சியப் பாத்து சொன்னதுக்கு." பிறகு பழையபடி ஏறியது. "இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் எங்களுக்குக் குடுங்க. முன்வாசல் வழியா வந்து, பெரிய ஹால்ல உக்காந்து சாப்பிடணும். பரிமாற வேண்டியது நீங்களும் உங்க டைரக்டருங்களும்."

"உனக்குப் பைத்தியமா?"

"இருக்கலாம் சார். ஆனா நீங்க பேசினத அறுபது பேரு கேட்டாச்சு. பெவ், சரிதானே?"

"அறுபத்திரண்டு" என்றேன் நான், வாய் தவறி.

லாத்பரி நீண்ட மூச்சு விட்டார். அப்புறம், இதை அவருடைய நல்ல குணத்தில்தான் சேர்க்கவேண்டும், சிரித்துவிட்டார். "சரி. இப்ப மேல போ, தாயே."

லிஃப்டின் வயசு உடனே குறைந்துவிட்டது.

பிப்ரவரியில் கடைசி விருந்தாளிகள் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாங்கள் பளிங்குப் படியேறி வந்தோம். சலவைக்காரிகள் தொப்பி வைத்திருந்தார்கள். பாத்திரம் கழுவும் கிழவர் டை கட்டி, அது கழுத்தை நெரிக்க, தலையைத் திருப்ப முடியாமல் நின்றார். சிப்பி, ஆட்டுக்கறி வறுவல், புதினா சாஸ், கடைசியில் கேக்கும் கஸ்டர்டும் அடுக்கிய ட்ரைஃபிள். டைரக்டர்கள் தட்டைத் தலைகீழாகப் பிடிக்காத குறை. டாட் முப்பத்தினாலு வருடமாக விருந்தாளிகளிடம் கேட்டுச் சேர்த்த புகார்கள் அனைத்தையும் அன்று ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டாள்.

"கண்ணு, சூப்பு ஆறிப்போச்சு. இந்த ஃபோர்க்குல யாரு மூஞ்சி தெரியணும், என்னுதா உங்களுதா? கோட்டு கழட்டி மாட்டுறவங்க யாரும் இல்லையா இங்க?"

சாப்பாடு முடிந்ததும் ராஜ அறை. லிஃப்டை லாத்பரிதான் ஓட்ட வேண்டும் என்றாள் டாட். கைப்பிடியைப் பிடித்தார், ஆறாம் மாடியில் விட்டார். தளத்துக்கு ஒரு அடி கீழே நின்றது.

"குறையுது கண்ணு. திரும்ப."

அடுத்த முறை ஒரு அடி மேலே. அதற்கடுத்த முறை ஏழாம் மாடியே இல்லாத கட்டடத்தில் ஏழாம் மாடிக்குக் கிளம்பியது. ஐந்தாம் முறை நாலு அங்குலம் கீழே நின்றது. அவர் சட்டை நனைந்திருந்தது.

"பாவம், போதும்" என்று சொல்லி, டாட் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கினாள். கம்பளத்தில் கால் வைத்ததும் கொஞ்சம் நின்றாள். நானும் பின்னால் போனேன்.

பெரிய கட்டில், நீலத் திரை, தங்க முலாம் கண்ணாடி. டாட் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். ஜன்னலுக்குப் போய், தூரத்தில் ஃபுட்ஸ்க்ரே புகைபோக்கிகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

"இவ்ளோதானா, பெவ்?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. நான் மனசுல கட்டி வச்சிருந்த ரூமு இதவிடப் பெருசு. அதுல ஒரு மயிலு கூட இருந்துச்சு."

சிரித்தாள். கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அன்று அவள் அழுதாளா என்று பிற்பாடு கேட்டவர்களுக்கெல்லாம், ஜலதோஷம் என்றே நான் சொல்லியிருக்கிறேன்.

மார்ச்சில் இடிக்க ஆரம்பித்தார்கள். நாங்கள் ஆளுக்கொரு திசை போனோம். எனக்கு ஒரு ஆஸ்பத்திரி போர்டில் வேலை கிடைத்தது. டாட் மட்டும் தினமும் மடக்கு நாற்காலியோடு வந்து வேலிக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். இடிக்கும் மேஸ்திரி கார்மெனு ஸம்மித், மால்டாக்காரர், மனைவியை இழந்தவர், மீசை ஒரு துடைப்பம்.

"அந்தப் பக்கம் அடிக்காதீங்க கண்ணு! உள்ள இரும்புத் தூண் ஓடுது!"

"அம்மா, இருபது வருஷமா கட்டடம் இடிக்கிறேன்."

"நான் அதுக்குள்ளயே முப்பத்தினாலு வருஷம் ஏறி இறங்கியிருக்கேன்!"

அவர் கேட்கவில்லை. கிரேனில் தொங்கிய இரும்புக் குண்டு சுவரில் மோதி, தூணில் சங்கிலி சுற்றிக்கொண்டு, கிரேன் கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றது. அதை விடுவிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் காலை கார்மெனு வேலிக் கதவைத் திறந்து, ஒரு ஹெல்மெட்டை நீட்டினார்.

"உள்ள வாங்க. அடுத்தது எங்க அடிக்கலாம்?"

அதற்குப் பிறகு வேலை சரசரவென்று நடந்தது. தான் வாழ்ந்த கட்டடத்தை இடிக்கத் தானே வழி சொன்னாளே என்று சலவைக்காரி ஒருத்திக்குக் கோபம். டாட்டிடமே கேட்டுவிட்டாள். "எப்படியும் விழப்போகுது. தப்பாத் தெருப்பக்கம் சாய்ஞ்சு, போறவன் வர்றவன் தலையில விழணுமா?" என்றாள் டாட்.

குவிமாடம் இறங்கிய அன்று டாட்டும் கார்மெனுவும் ஒரே பொட்டலத்திலிருந்து இறைச்சி அடைத்த பஃப்ஸ் தின்றுகொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அடுத்த வருடம், ஐம்பத்தாறு வயதில், டாட் கல்யாணம் செய்துகொண்டு சன்ஷைன் என்ற புறநகரில் இருந்த அவர் வீட்டுக்குக் குடிபோனாள். பின்கட்டில் தக்காளிச் செடி, கூண்டில் முயல்கள். மால்டாக்காரர்கள் முயலைக் குழம்பு வைப்பார்கள். டாட் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்துவிட்டாள். பெயர் வைத்ததைச் சாப்பிட முடியுமா?

போன மாதம் போயிருந்தேன். கூண்டில் இருபத்தாறு முயல்கள். அடுப்பில் கோழி. கார்மெனு என்னிடம் முறையிட்டார்: "நீயாவது சொல்லு பெவ். முயல் குழம்பு சாப்பிட்டு ஒன்பது வருஷமாச்சு."

"யாரைச் சாப்பிடணும்னு பேரச் சொல்லுங்க, பிடிச்சுத் தர்றேன்" என்றாள் டாட்.

அவர் கூண்டைப் பார்த்தார். மீசையைத் தடவினார். "கோழியே போடு" என்றார்.