விபரம் தரப்பட்ட ஆள்

ஐயர்லாந்துப் பார்லிமென்டின்ர பதிவில நான் இருக்கிறன். சொன்னா ஒருத்தரும் நம்பாயினம். பேர் இல்லை. அங்க தனி ஆக்களின்ர பேரைப் போடமாட்டினம். உறுப்பினர் கேள்வி எழுதிக் குடுக்கேக்க பேரையும் விலாசத்தையும் வேற தாளில குடுத்துவிடுவார். அச்சில வாறது 'விபரம் தரப்பட்ட ஆள்' எண்டு மட்டும்தான். அந்த ஆள் நான். பிறகு என்ர அத்தானும் அதே பேரில அங்க போனார்.

ஐயர்லாந்தில ஒரு சின்ன ஊரில, வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற இல்லத்தில ஏழு வருசம் வேலை செய்தனான். மன்னாரில இருந்து போனவளுக்கு அந்த ஊரில தெரிஞ்சது கோயிலும் குளிரும்தான். அந்தத் தொகுதி உறுப்பினர் எதிர்க்கட்சிக்காரர். மாசத்தில ஒருக்கா இல்லத்துக்கு வந்து, முழங்கை தேஞ்ச ஸ்வெட்டரோட கிழவன் கிழவியளுக்குப் பக்கத்தில இருந்து தேத்தண்ணி குடிப்பார். வோட்டுக்கு வாறார் எண்டு நான் நக்கலடிச்சனான். ஒருநாள் வோட்டே இல்லாத என்னட்ட வந்து, "உங்கட பாஸ்போட் விண்ணப்பம் என்னாச்சு?" எண்டு கேட்டார். மூண்டு வருசமா ஒரு கந்தோரில நித்திரை கொள்ளுது எண்டன். பொக்கற்றில இருந்து ஒரு துண்டை எடுத்துக் குறிச்சார். பார்லிமென்டில கேட்டார். மந்திரியிட்ட இருந்து ரெண்டு வரிப் பதில் வந்துது. கொஞ்ச நாளில பாஸ்போட்டும் வந்துது. மாதாவே, ஒரு மனுசன் எழும்பிக் கேட்டாலே காரியம் நடக்குது எண்டு நினைச்சன். அந்த நினைப்புத்தான் என்னைக் கெடுத்தது.

பாஸ்போட் கிடைச்ச கையோட லண்டனுக்கு வந்தன், அக்காவுக்காக. அக்கா கோலியர்ஸ் வுட்டில ஒரு கடைக்கு மேல, ரெண்டு அறை வீட்டில தனிய இருந்தா. ஹோட்டல் துணி தோய்க்கிற லோண்டரியில வேலை. அவவின்ர மனுசன், எங்கட அத்தான், சாகக் கிடந்த தன்ர தேப்பனைப் பாக்கவெண்டு நாலு கிழமை லீவில வன்னிக்குப் போனவர். சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டுது. தேப்பனை அடக்கம் செய்தும் ஆள் உள்ளுக்கதான். அக்காவுக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஒண்டு இருந்திருந்தா, அது இங்கிலீசில வாசிச்சு என்ர வண்டவாளத்தை முதல் கிழமையே பிடிச்சிருக்கும்.

2009 தை மாசம். வன்னியில சனம் இடம் இடமா ஓடிக்கொண்டிருந்த நேரம். லண்டனில எங்கட சனம் சண்டையை நிப்பாட்டச் சொல்லி றோட்டில குந்தத் தொடங்கியிருந்தது. நாங்களும் போனம், கத்தினம், தொண்டை கட்டித் திரும்பி வந்தம். இஞ்சத்தை உறுப்பினருக்கு எழுதினன். எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சடிச்ச கடிதம் வந்துது. எனக்குக் கொதி வந்திட்டுது. போங்கடா நீங்களும் உங்கட கடிதமும் எண்டு, அந்த ஐயர்லாந்துக்காரருக்கு எழுதினன். அத்தான்ர பேர், வயசு, கடைசியா எங்க இருந்தவர், எல்லாம் குடுத்தன். மூண்டாம் நாள் பதில் வந்துது, அவரே எழுதினது: "நான் கேக்கிறன்."

கேட்டவர்தான். குறை சொல்ல ஏலாது. பார்லிமென்டில கேட்டார். வெளிநாட்டு விவகாரக் குழுவில இருந்தவர், அங்கயும் கேட்டார். பதிவு கணினியில வரும். சனிக்கிழமை காலமை நூலகத்தில அச்செடுத்துக்கொண்டு வந்து, குசினி மேசையில இருந்து கொப்பித் தாளில தமிழில எழுதி அக்காவுக்கு வாசிப்பன்.

முதல் சனி ஒழுங்காத்தான் எழுதினன். எதிர்க்கட்சி உறுப்பினர் கேட்டது: 'கடற்கரையில நிக்கிற சனத்தை ஏத்த ஒரு கப்பலையாவது அனுப்ப ஏலாதா?' அரசாங்கத்தின்ர பதில்: 'நிலைமையை உன்னிப்பாகக் கவனிக்கிறோம். மற்ற ஐரோப்பிய நாடுகளுடன் தொடர்ந்து பேசுவோம்.' எழுதிப்போட்டு நிமிந்தா, முன்னுக்கு அக்கா. மூண்டு நாளாச் சாப்பாடு இல்லை. கண் ரெண்டும் உள்ளுக்க போயிருந்தது. இதையோ நான் வாசிக்கிறது? தாளைக் கசக்கிப்போட்டு வேற எழுதினன். 'ஐயர்லாந்துப் பார்லிமென்டில சொல்லிப்போட்டினம். சனத்தை ஏத்தக் கப்பல் வரும். மற்ற நாடுகளோட சேர்ந்து ஒழுங்கு நடக்குது.' எதிர்க்கட்சி எண்டதை விட்டிட்டன். கேள்வியை முடிவாக்கிப்போட்டன்.

அக்கா எழும்பிப் போய்க் கோப்பையில சோறு போட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால இருந்து சாப்பிட்டா. அதைப் பாத்த எனக்கு அழுகை வந்துது. செய்தது சரியெண்டுதான் நினைச்சன்.

பிறகு ஒவ்வொரு சனியும் இதுதான். நான் எழுதினதை அக்கா வாங்கி, இங்கிலீசுத் தாளோட சேத்து ஒரு ஊசியால குத்தி, மாதா படத்துக்குக் கீழ ஃபைலில வைப்பா. லோண்டரியில ஆக்களுக்கும் சொல்லுவா, "எங்களுக்கு ஐயர்லாந்துப் பார்லிமென்டில ஆள் இருக்கு" எண்டு. நான் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பன்.

பங்குனியில வேலையிடத்துப் பெட்டை ஒண்டு சொன்னா, அந்தப் பார்லிமென்ட் நடக்கிறதைப் படமாயும் பாக்கலாம் எண்டு. ஆசையா நூலகத்தில இருந்து திறந்தன். அவர் எழும்பி நிக்கிறார், அதே ஸ்வெட்டர், மேல ஒரு கோட். அத்தானைப் பற்றித்தான் கதைக்கிறார். விபரம் தரப்பட்ட ஆள், ஒரு மனைவி லண்டனில காத்திருக்கிறா எண்டு கையை விரிச்சுக் கதைக்கிறார். அவரைச் சுத்தி வெறும் கதிரை. வரிசை வரிசையா வெறும் கதிரை. தலைமை தாங்கிறவர், எழுதிற ஆள், பதில் வாசிக்க வந்த உதவி மந்திரி. அவ்வளவுதான் சபை. "உறுப்பினரின் நேரம் முடிந்தது" எண்டார் தலைமை தாங்கினவர். "இன்னும் ஒரு நிமிசம்" எண்டு எங்கட ஆள் கெஞ்சினார். உதவி மந்திரி தலை நிமிராமல் ஒரு தாளை வாசிச்சிட்டு இருந்தார். அச்சில வாசிக்கேக்க நான் நினைச்சிருந்தது நிறைஞ்ச சபை. பதிவில வெறும் கதிரையை எழுதமாட்டினம்தானே.

அண்டைக்கு வீட்டை போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கவேணும். அக்கா படியில நிண்டு, "என்னடி இண்டைக்கு ஏதும் வந்ததோ?" எண்டு கேட்டா. "எல்லாம் நல்லாப் போகுது அக்கா" எண்டன். என்ர நாக்கு அழுகாமல் இருக்கிறது அதிசயம்.

உயிர்த்த ஞாயிறு கழிஞ்ச சனிக்கிழமை மத்தியானம் போன் அடிச்சுது. அத்தான். ஆரோ ஒருத்தற்ற சட்டலைட் போன், ஒரு நிமிசமோ ஒண்டரை நிமிசமோதான். அக்கா ஸ்பீக்கரில போட்டா. அத்தான்ர குரல் தண்ணிக்குள்ள இருந்து வாற மாதிரி வந்துது.

"இஞ்சாரும், பக்கத்துப் பங்கர் ஆக்கள் நாளைக்கு விடியக் கடலேரி தாண்டி ஆமிப் பக்கம் போகினம். என்னையும் வரச் சொல்லினம். போனாலும் ஆபத்து, இருந்தாலும் ஆபத்து. என்ன செய்யச் சொல்லுறீர்?"

அக்கா என்னைத் திரும்பிப் பாத்தா. "நீ சொல்லடி. உனக்குத்தானே தெரியும். கப்பல் வருமோ?"

அந்த நேரம் எனக்குக் கடலேரிதான் கண்ணுக்க நிண்டது. தாண்டேக்க சனம் சாகுது எண்டு கேள்விப்பட்டிருந்தம். தண்ணிக்குள்ள அத்தான் போறதை நினைக்க எனக்கு ஏலாமக் கிடந்தது. அதோட, இத்தனை சனி கப்பல் வரும் எண்டு வாசிச்ச வாய். நான் தலையாட்டினன். அக்கா என்ர தலையைப் பாத்தபடியே, "இஞ்சாருங்கோ, அவசரப்படாதேங்கோ. ஐயர்லாந்துப் பார்லிமென்டில சொல்லிப்போட்டினம். கப்பல் வருது. நில்லுங்கோ" எண்டா. "அப்பிடியே?" எண்டார் அத்தான். அந்தக் குரலில இருந்த சந்தோசம் இருக்கே, ஐயோ. "அப்ப சரி, நிக்கிறன்" எண்டார். போன் கட்டாயிட்டுது.

வைகாசியில எல்லாம் முடிஞ்சுது. எங்களுக்கு ஒரு சேதியும் இல்லை. பங்குச் சுவாமியைப் பிடிச்சு அங்கத்தைச் சுவாமிமாரிட்ட விசாரிச்சம், முகாம் பட்டியல் எல்லாம் தேடினம். அந்த உறுப்பினரும் விடேல்லை. விபரம் தரப்பட்ட ஆளைப் பற்றி ஏதும் தகவல் உண்டோ எண்டு ரெண்டு தரம் எழுதிக் கேட்டார். விசாரிச்சுக்கொண்டு இருக்கிறம் எண்டு பதில் வந்துது.

ஆவணியில அந்தப் பக்கத்துப் பங்கர் மனுசி, அத்தான் குடுத்துவிட்ட நம்பருக்கு முகாமில இருந்து போன் எடுத்தா. அவையள் சொன்ன மாதிரி விடியவே தாண்டினவையாம். குடும்பத்தில எல்லாரும் உயிரோட இருக்கினமாம். "உங்கட அவர்தான் என்ர அம்மாவைத் தோளில தூக்கிக்கொண்டு தண்ணிக்கரை மட்டும் வந்தவர். வாங்கோ எண்டு கையைப் பிடிச்சு இழுத்தனான். எனக்குக் கப்பல் வருது எண்டு சிரிச்சுக்கொண்டு திரும்பிப் போனவர்" எண்டா. பிறகு வந்த ஆக்கள் அவவுக்குச் சொன்னதாம், அத்தான் ஒவ்வொரு காலமையும் கடற்கரைக்குப் போய்க் கப்பல் தெரியுதோ எண்டு பாத்துக்கொண்டு நிப்பாராம். அங்கதான் செல் விழுந்து வெடிச்சு ஆள் முடிஞ்சவர்.

அக்கா கத்தேல்லை. கறுப்பு உடுத்தா, பூசை குடுத்தா, வேலைக்குப் போனா. ஒரு மாசத்தால என்னட்ட ஒரு தாளைத் தந்தா. தன்ர கையால தமிழில எழுதின கடிதம். "உதை இங்கிலீசில எழுதி அந்த ஐயாவுக்கு அனுப்பு" எண்டா. அதில இருந்தது இதுதான்: 'ஐயா, நீங்கள் அனுப்புவதாகச் சொன்ன கப்பல் வரவில்லை. என் கணவர் அதை நம்பி நின்றார். உங்களில் எனக்குக் கோபம் இல்லை. சொல்வதற்காவது ஒருவர் இருந்தாரே.'

இதை அந்த மனுசனுக்கு எப்பிடி அனுப்பிறது? அவர் எப்ப அனுப்புவன் எண்டவர்? திரும்பவும் பொய்தான். 'என் கணவர் இறந்துவிட்டார். நீங்கள் கேட்டதற்கு நன்றி' எண்டு அக்காவின்ர பேரில ரெண்டு வரி எழுதி அனுப்பினன். ஒரு பொய்யை மறைக்க மற்றப் பக்கத்துக்கும் ஒரு பொய். அக்காவைப் பாக்கவும் பயம், தபால்பெட்டியைப் பாக்கவும் பயம்.

மார்கழியில பதிவு வந்துது. அவர் அந்த ரெண்டு வரியையும் குழுவில வாசிச்சிருந்தார். அந்தப் பதிவுத் தாளையும் வைச்சு எனக்குக் கடிதம் எழுதியிருந்தார், அக்காவுக்குச் சொல்லுங்கோ எண்டு. அந்தக் கடிதம் அக்காவின்ர கையிலதான் கிடைச்சுது. இங்கிலீசு வாசிக்கத் தெரியாட்டிலும் தன்ர பேர் தெரிஞ்சிட்டுது. "என்ர கடிதத்தை வாசிச்சவரோ? எடு, வாசி" எண்டு குசினி மேசையில வந்து இருந்தா.

பேனை எடுத்தன். திரும்பவும் வைச்சிட்டன். இனி என்னத்தை மாத்தி எழுத? செத்த மனுசனை எழுப்பவோ? எழுதாமலே, இங்கிலீசுத் தாளைப் பாத்து வாயால சொல்லத் தொடங்கினன். ஒரு சொல்லும் கூட்டேல்லை, குறைக்கேல்லை.

"'தலைவர் அவர்களே, இந்தப் பெண் எனக்கு நன்றி சொல்கிறா. நான் அதற்குத் தகுதியானவன் இல்லை. எதிர்க்கட்சியில இருக்கிற ஒருவனால கேக்கத்தான் ஏலும். நான் கேட்டன். பதில் வரேல்லை. கப்பல் வரும் எண்டு இவவுக்குச் சொல்ல என்னால ஒருநாளும் ஏலாமப் போச்சு. அதுதான் என்ர கவலை.'"

அக்கா அந்தத் தாளை என்ர கையில இருந்து வாங்கித் திருப்பிப் பாத்தா. கீழ கடைக்காரன் ஷட்டர் இழுக்கிற சத்தம் கேட்டுது.

"அவர் சொல்லேல்லையோ?" எண்டா.

"இல்லை அக்கா."

"அப்ப கப்பல் வரும் எண்டு ஆர் சொன்னது?"

"நான்தான் அக்கா."

அடிப்பா எண்டு நினைச்சன். அடிச்சிருந்தா என்ர மனம் ஆறியிருக்கும். அக்கா எழும்பிப் போய், மாதா படத்துக்குக் கீழ இருந்த ஃபைலைக் கொண்டுவந்து மேசையில வைச்சா. முதல் ஊசியைக் கழட்டினா. என்ர தமிழ்த் தாளை எடுத்து ஒரு பக்கமா வைச்சிட்டு, இங்கிலீசுத் தாளை என்னட்ட தள்ளினா.

"முதலில இருந்து வாசி. ஒண்டையும் விடாதை."

தை மாசத்துத் தாள். "எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் கேட்டது" எண்டு தொடங்கினன். அக்கா என்ர வாயையே பாத்துக்கொண்டு இருந்தா. "கடற்கரையில நிக்கிற சனத்தை ஏத்த ஒரு கப்பலையாவது அனுப்ப ஏலாதா?"

"கேள்விதானே" எண்டா அக்கா.

"ஓம் அக்கா, கேள்விதான்" எண்டன்.