இருபத்துநாலு முட்டையும் ஏழு மணி பஸ்ஸும்

தங்கப்பொண்ணு கட்டிய பார்சலில் ஒரு முட்டைகூட உடைந்ததில்லை. எழுமலை பஸ் ஸ்டாண்டில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், அடித்துச் சொல்வார்கள். அதுவும் தின்கிற முட்டை இல்லை. அடைவைத்தால் குஞ்சு பொரிக்கிற சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை. அதை உடையாமல் வெளியூருக்கு அனுப்புவதென்றால் சும்மாவா?

பழகின புதிதில், பெட்டிக்குள் முட்டையை அடுக்கிக் கட்டி, தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் படியில் பாதிவரை ஏறி, அங்கிருந்து தூக்கிக் கீழே போட்டாள். கீழே நின்ற அவள் புருஷன் சுருளி, "ஏ தங்கம், வெங்காயம் நறுக்கி வைக்கவா?" என்று சிரித்தான். முதல் தடவை ஒன்பது முட்டை உடைந்தது. இரண்டாவது தடவை மூன்று. ஆறாவது தடவை ஒன்றுமே உடையவில்லை. சுருளி வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனான்.

அவள் கண்டுபிடித்த வழி பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மெடிக்கல் கடையில் டானிக் பாட்டில் வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டு வாங்குவாள். அதில் கட்டம் கட்டமாக அட்டை தடுத்திருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் உமி, மேலே பேப்பர் சுற்றிய முட்டை, மழுங்கின பக்கம் மேலே பார்க்க வேண்டும், அதற்கும் மேலே உமி. டேப் ஒட்டி, சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி, தூக்குவதற்கு ஒரு பிடியும் விட்டுவிடுவாள். பெட்டியைக் காதருகே வைத்து ஆட்டினால் சத்தமே வரக் கூடாது. வந்தால் பிரித்து மறுபடி கட்டுவாள்.

தபாலில் அனுப்பலாமா என்றும் யோசித்தாள். ஆனால் அடைமுட்டைக்கு நாள் கணக்கு உண்டு, தள்ளிப்போகப் போக உயிர் குறையும். காலையில் ஏற்றினால் மத்தியானத்துக்குள் இறக்கிக்கொள்கிற பஸ்தான் தோது என்று முடிவு செய்தாள். எழுமலையில் ஏழு மணிக்குக் கிளம்பி உசிலம்பட்டி, செக்கானூரணி, ஆரப்பாளையம், சமயநல்லூர் வழியாகத் திண்டுக்கல் போகிற தனியார் பஸ் அவள் பார்சல்களைச் சுமந்தது. வாங்குகிறவர்கள் அவரவர் ஊர் ஸ்டாப்பில் நின்று வாங்கிக்கொண்டார்கள்.

இந்தத் தொழிலுக்கு முன் அவள் பதினாலு வயதிலிருந்து அடுத்தவன் காட்டில் களை எடுத்தவள். அவளுடைய அப்பனுக்கும் நிலமில்லை, ஆத்தாளுக்கும் நிலமில்லை. வரப்பில் நிற்கிறவன் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டான். "ஏய், அந்தப் பக்கம் குனி" என்பான். நாற்பது வயதுக்குப் பிறகுதான் ஐந்து கோழி வாங்கி, ஐந்தை அறுபதாக்கி, கூலிக்குப் போவதை நிறுத்தினாள். மூன்று வருஷம் ஆகிறது. நாட்டுக்கோழி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் இப்போது அவள் 'எழுமலை தங்கப்பொண்ணு'. முழுப் பேரும், ஊரும் சேர்த்து! அதை அவள் எப்படி விடுவாள்?

அந்தப் பேருக்குத்தான் ஆனி மாதம் வந்தது கேடு.

திண்டுக்கல்லில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சர் ஆன்மேரி. வகுப்பில் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காகச் சின்ன இன்குபேட்டர் ஒன்று வாங்கி வைத்து, இருபத்துநாலு முட்டை கேட்டாள். தங்கப்பொண்ணு பார்த்துப் பார்த்துப் பொறுக்கி அனுப்பினாள். ஒன்றும் உடையவில்லை. இருபத்தொரு நாள் போயிற்று. ஒன்றும் பொரிக்கவும் இல்லை.

"பிள்ளைங்க காலண்டர்ல தினம் ஒரு தேதியா அடிச்சிட்டு வந்தாங்கக்கா," என்றாள் டீச்சர் போனில். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "ஏழாம் நாள் டார்ச் அடிச்சுப் பார்த்தப்பவே முட்டைக்குள்ள கருவோட நரம்பு தெரியல. சரி, பார்ப்போம்னு இருந்தேன்."

தங்கப்பொண்ணு பதறிப்போய் இன்னொரு இருபத்துநாலு அனுப்பினாள். இந்த முறை ஒரு காரியம் செய்தாள். அதே நாளில், அதே கூட்டிலிருந்து எடுத்த பன்னிரண்டு முட்டையைத் தன் வீட்டு அடைக்கோழிக்குக் கீழேயும் வைத்தாள். வீட்டில் பதினொன்று பொரித்துக் கூடையைச் சுற்றி ஓடின. திண்டுக்கல்லில் மறுபடியும் ஒன்றுமில்லை.

அதற்குள் சமயநல்லூரிலிருந்தும் வாடிப்பட்டியிலிருந்தும் இரண்டு பேர் இதே புகாரைக் குரூப்பில் போட்டுவிட்டார்கள். ஒருத்தன், "சேவல் இல்லாமலே முட்டை விக்கிறாங்கப்பா" என்றான். இன்னொருத்தன் 'கூமுட்டை தங்கம்' என்று பட்டம் வைத்தான். கீழே சிரிக்கிற பொம்மையாக வரிசை கட்டியது. இரண்டு நாள் தங்கப்பொண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. ஆர்டர் கேட்டு வந்துகொண்டிருந்த போன் அப்படியே அடங்கிவிட்டது.

மூன்றாம் நாள் டீச்சருக்கு அவளே போன் போட்டாள்.

"டீச்சர், இன்னும் ஒரே ஒரு தடவ வைங்க."

"வேணாங்க்கா. மூணாவது தடவையும் பிள்ளைங்க மூஞ்சிய என்னால பார்க்க முடியாது."

"பொரிக்கும் டீச்சர். பொரிக்கலேன்னா கோழி அம்புட்டையும் வித்துட்டு நான் பழையபடி களையெடுக்கப் போயிர்றேன். இது சத்தியம்."

"சரிக்கா, அனுப்புங்க," என்றாள் டீச்சர்.

சுருளிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னத்த புள்ள இம்புட்டுப் பெரிய வார்த்தைய விட்டுட்ட? முட்டை பொரிக்கிறது உன் கையிலயா இருக்கு?"

"என் கூட்டுல பொரிக்குது. அங்க போனா பொரிக்கல. அப்ப நடுவுல என்னமோ நடக்குது. அதை எவன் செய்றான்னு பார்க்காம விடமாட்டேன். நாளைக்கு பார்சலோட நானும் போறேன்."

மறுநாள் காலை பெட்டியைச் சுருளிதான் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய்க் கொடுத்தான். தங்கப்பொண்ணு முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் ஏறி, நடுவில் ஒரு சன்னல் சீட்டில் உட்கார்ந்தாள். எவனாவது பெட்டியைத் தூக்கி எறிகிறானா, மேலே ஏறி உட்காருகிறானா, வழியில் பிரித்து முட்டையை மாற்றுகிறானா? கையும் களவுமாகப் பிடித்துச் சட்டையைப் பற்றிக் கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸுக்கு ஆனி பிறந்ததிலிருந்து புது டிரைவர். சிவபாண்டி என்று பேர், முப்பது வயதிருக்கும். பழைய டிரைவருக்குப் பார்சல் என்றாலே எரிச்சல். கடைசி சீட்டுக்கு அடியில் காலால் தள்ளிவிட்டுப் போய்விடுவார். புது ஆள் எப்படிப்பட்டவனோ என்று பயந்துதான், தங்கப்பொண்ணு அந்த மாதத்திலிருந்து பெட்டியின் நாலு பக்கமும் மார்க்கரால் கொட்டை எழுத்தில் 'உள்ளே உயிர் இருக்கு. பத்திரம்' என்று எழுத ஆரம்பித்தாள்.

எட்டிப் பார்த்தாள். சிவபாண்டிக்கு இடப்பக்கம் இன்ஜினை மூடியிருக்கிற பானட். அதன்மேல் ஒரு துண்டை நாலாக மடித்து விரித்து, பெட்டியை அதில் வைத்திருந்தான். சாமி படத்தை வைக்கிற மாதிரி எழுத்துப் பக்கம் தன்னைப் பார்க்க வைத்திருந்தான். வேகத்தடை வரும்போதெல்லாம் பஸ்ஸை உருட்டினாற்போல் மெதுவாக ஏற்றி இறக்கினான், இடதுகை பெட்டியை அணைத்துக்கொண்டது. கூடையோடு ஏறிய ஒரு பொம்பளை அதைப் பானட்டில் இறக்கப் போனாள்.

"யம்மா! யம்மா! அங்க வைக்காதிய, உள்ள உயிரு இருக்கு!" என்று கத்தினான் சிவபாண்டி. "புள்ளைங்க படிக்கிற எடத்துக்குப் போகுது. கீழ வைங்க உங்க கூடைய."

தங்கப்பொண்ணுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெத்த மகன்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டானே! இவனையா சட்டையைப் பிடிக்க வந்தோம் என்று வெட்கமாக இருந்தது. இவனிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடுவோம் என்று கம்பியைப் பிடித்தபடி முன்னால் நடந்தாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. விழாமலிருக்கக் கையை ஊன்றினாள்.

ஊன்றியது பானட்டில். சுரீர் என்று கையை எடுத்தாள்.

துண்டுக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தாள், பெட்டியின் அடியைத் தடவிப் பார்த்தாள். கிளம்பி அரைமணி நேரம்கூட ஆகவில்லை, அட்டை வெதுவெதுவென்றிருந்தது. திண்டுக்கல் போய்ச் சேர நாலு மணி நேரம்! அடைக்கோழியின் வயிற்றுச் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே போனாலே கரு தாங்காது. நாலு மணி நேரம் இன்ஜின் மேல் உட்கார்ந்து போன முட்டையில் என்ன மிஞ்சும்?

"யக்கா, நீங்களா!" சிவபாண்டிக்கு ஆளைப் பார்த்ததும் ஒரே சந்தோஷம். "எங்கிட்ட சொல்லக் கூடாதா, முன் சீட்டே போட்டுத் தந்திருப்பேன்ல? பார்த்தியளா உங்க பெட்டிய? ரெண்டு மாசமா வேற எங்கயும் வைக்க விடல."

சொல்லாமல் விட்டுவிடலாமா என்று தங்கப்பொண்ணு யோசித்தாள். நைஸாகப் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டால் இன்றைக்குக் காரியம் முடிந்தது. ஆனால் நாளைக்கு? மறுநாள்? இவன் மறுபடியும் இங்கேதான் வைப்பான், இதைவிடப் பாசமாக வைப்பான். உசிலம்பட்டி ஸ்டாண்டில் பஸ் நின்றதும் அவள் பெட்டியைத் தூக்கி, டேப்பைக் கிழித்து, அடி உமியோடு ஒரு முட்டையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"சுடுதா தம்பி?"

"லேசா."

"இன்னும் மூணரை மணி நேரம் போனா?"

சிவபாண்டி முட்டையைப் பார்த்தான். பானட்டைப் பார்த்தான். அவன் முகம் மாறுவதைப் பார்க்கத் தங்கப்பொண்ணுவால் முடியவில்லை.

"அப்ப... இத்தன நாளா நாந்தான் கொன்னேனாக்கா?"

"நீ என்னத்த கொன்ன? உயிரு இருக்கு, பத்திரம்னு எழுதினவ நானு. எங்க வைக்கணும்னு எழுதத் தெரியல எனக்கு. உடையக் கூடாது, உடையக் கூடாதுன்னே நெனச்சேன். சூட்டை நெனைக்கல."

"நீங்க சும்மா சொல்றிய."

"சும்மா சொல்ல எனக்கென்ன வந்துச்சு? உன்னை அடிக்கணும்னு வந்தவடா நான்!"

அவன் சிரிக்கவில்லை. அந்த ஒரு முட்டையைப் பேப்பரில் சுற்றித் திருப்பிக் கொடுத்தான். கண்டக்டர் விசில் ஊதுகிறவரை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பெட்டியைத் திண்டுக்கல்வரை தங்கப்பொண்ணு மடியில் வைத்துக்கொண்டு போனாள். ஆரப்பாளையத்தில் கூட்டம் நெருக்கியது. கால் மரத்துப்போனது, டீ குடிக்கக்கூட இறங்கவில்லை. ஆன்மேரி டீச்சர் பஸ் ஸ்டாண்டுக்கே வந்து வாங்கிக்கொண்டாள். நடந்ததைக் கேட்டதும், "அந்த டிரைவர் மேல கம்ப்ளெய்ன்ட் குடுங்கக்கா, குரூப்லயும் போடுங்க. உங்க பேராவது சுத்தமாகும்ல," என்றாள்.

"அவன் பேரைப் போட மாட்டேன் டீச்சர். முட்டை பொரிக்கட்டும், எம்பேரு தன்னால சுத்தமாகும்."

அன்றிலிருந்து பார்சல் மூன்றாவது சீட்டுக்கு மேலே உள்ள கம்பித்தட்டில் போனது. பெட்டியில் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: 'இன்ஜின் பக்கம் வைக்காதீங்க.' ஆனால் பார்சலே இரண்டோ மூன்றோதான், குரூப்பில் கூமுட்டைப் பேச்சு இன்னும் ஓயவில்லை. சிவபாண்டியும் முன்போல் வாய் பேசுவதில்லை. பெட்டியை வாங்கும்போது தலையைக் குனிந்துகொள்வான். "என்னாச்சுக்கா?" என்று ஒருநாள்கூடக் கேட்கவில்லை. கேட்கப் பயம் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கே பயம்தான்! ராத்திரி படுத்தால் களைக்கொத்தும் வரப்பும்தான் கனவில் வந்தன. ஏழாம் நாள் டீச்சர் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தாள். "டார்ச் அடிக்கலக்கா, அடிக்க எனக்குத் தெம்பில்ல," என்று டீச்சர் மெசேஜ் அனுப்பியிருந்தாள்.

இருபத்தோராம் நாள் காலை ஆறே முக்காலுக்கு போன் வந்தது. தங்கப்பொண்ணு கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். டீச்சர் பேசியது ஒரே வார்த்தை. "கேளுங்கக்கா."

கேட்டாள். தீனிச் சட்டியை அப்படியே போட்டுவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். செருப்பு போடவில்லை. "ஏ புள்ள, எங்க ஓடுற?" என்று சுருளி கூப்பிட்டது எதுவும் காதில் விழவில்லை.

ஏழு மணி பஸ் உறுமிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றது. அவள் டிரைவர் பக்கம் போய் எக்கி நின்று, போனை அவனிடம் நீட்டினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். சிவபாண்டி காதுகொடுத்தான்.

"ஒண்ணும் கேக்கலக்கா."

"நல்லாக் கேளு."

"இன்ஜின் சத்தத்துல ஒண்ணுமே..."

சொல்லிக்கொண்டே அவன் கை சாவிக்குப் போனது. இன்ஜின் நின்றது.

"யோவ், டயம் ஆச்சுய்யா!" என்று பின்னாலிருந்து கண்டக்டர் கத்தினான்.

"பேசாம இரு மாப்ள!" என்றான் சிவபாண்டி.

பஸ்ஸுக்குள் நாற்பது பேர் என்னவோ ஏதோ என்று வாயை மூடினார்கள். அப்போது கேட்டது. கீச்சென்று ஒரு குரல், அதற்குப் பின்னால் இன்னொன்று. டீச்சரின் சத்தம்: "ஏழு வந்திருச்சுக்கா! பாக்கியெல்லாம் ஓடு கீறியிருக்கு. பிள்ளைங்க வர்றதுக்குள்ள இன்னும் வரும்!"

சிவபாண்டி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

"ஏண்டா அழுகுற?" என்று அதட்டினாள் தங்கப்பொண்ணு. அவளும்தான் அழுதுகொண்டிருந்தாள். "வண்டிய எடு. டயம் ஆச்சுங்கிறாங்கல்ல."

"இன்னொரு தடவ கேட்டுக்கிறேன்க்கா," என்றான் அவன், சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டு.