கிழிசல் ஜோசியம்

ஜெர்சி கைக்கு வந்ததும் வெர்னா அதை உள்பக்கம் வெளியே தெரியும்படி புரட்டிப் போடுவாள். எண், பெயர், நெஞ்சில் முறைக்கும் காட்டெருமை எல்லாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறவர்களுக்கு, அவளுக்கு வேண்டாம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு விரல்களால் துணியைத் தடவிக்கொண்டே போவாள். விரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு பழைய தையல் இருக்கும், இல்லை தைக்க வேண்டிய புது ஓட்டை இருக்கும். “ம்ம்... மூலைக்குப் போயிருக்கான்” என்பாள். விரல் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். “இவன் ஊர்வலம் போயிட்டு வந்திருக்கான்!”

கிரேன்வுட் பைசன்ஸ் அணிக்குப் பத்தொன்பது வருஷமாக வெர்னா ஸ்டெஃபியுக்தான் தையல்காரி. சம்பளத்துக்கு ஆடுகிற பனிக்கட்டி ஹாக்கி அணி. தரையும் சறுக்கும், ஆளும் சறுக்குவான், துணிதான் பாவம் நடுவில் மாட்டிக்கொள்ளும். முழங்கை கிழிந்திருந்தால் களத்தைச் சுற்றி நிற்கிற பலகைச் சுவரோடு மூலையில் மல்லுக்கட்டியிருக்கிறான் என்று அர்த்தம். பின்கழுத்து கிழிந்திருந்தால் எவனோ பிடித்து இழுத்திருக்கிறான், ஆகவே பந்துக்குப் பதிலாக அடிக்கிற வட்டு அவனிடம் இருந்திருக்கிறது. அக்டோபரில் போன ஜெர்சி ஏப்ரலில் மடிப்புக் கலையாமல் வந்தால், அவன் எத்தனை கோல் போட்டிருந்தாலும் வெர்னா அவனுக்கு வணக்கம்கூடச் சொல்ல மாட்டாள்.

அவள் ஆட்டம் பார்க்கப் போவதில்லை. ரேடியோவில் கேட்பதோடு சரி. “நேர்ல போனா ஒவ்வொருத்தன் மோதும்போதும் எனக்கு எத்தன தையல்னுதான் தோணும். அது எதுக்கு, காசு குடுத்து வேல பாக்கறதா?” அறுபத்தொரு வயது. வாயில் எப்போதும் ஒரு புதினா மிட்டாய். மேஜையில் நாலு கத்தரிக்கோல் கிடக்கும், ஆனால் நூலைப் பல்லால்தான் கடிப்பாள். பல் டாக்டர் இரண்டு தடவை எச்சரித்தும் திருந்தவில்லை. அந்த டாக்டரின் கோட்டுக்குப் பித்தான் தைத்தபோதும் பல்லால்தான் கடித்துக் கொடுத்தாள்.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில், கோப்பைக்கான முதல் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டத்தில், அதுவும் கூடுதல் நேரத்தில், பைசன்ஸ் தோற்றுப்போனார்கள். மறுநாள் காலையில் ஊரே முகம் மாறியிருந்தது. அணி வெளியேறும்வரை தாடி எடுக்கக் கூடாது என்பது கிரேன்வுட்டில் எழுதாத சட்டம். ஆட்டக்காரர்களுக்கு மட்டுமில்லை, பேக்கரிக்காரருக்கும் உண்டு, பாதிரியாருக்கும் உண்டு. தோற்ற அன்றே எல்லாரும் மழித்துக்கொண்டு, வெளுத்த தாடையோடு, தெருவில் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்கள்.

துக்கம் ஒரு நாள்தான். அடுத்த நாளிலிருந்து அணிக்கு என்ன தேவை என்ற பேச்சு. டோனட் கடையில் ஆளுக்கொரு பட்டியல் வைத்திருந்தார்கள். யாரை வாங்குவது என்பது மேனேஜர் கார்த் வெண்டலுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். யாரை அனுப்புவது என்பது கார்த்துக்கும் வெர்னாவுக்கும் தெரிந்த ரகசியம். ஏனென்றால் போகிறவனுடைய ஜெர்சி முதுகிலிருந்து பெயர்ப்பட்டையைப் பிரிக்கிறவள் அவள்தான். பட்டை, போகிறவனுக்கு நினைவுப்பொருள். பெயர் பிரித்த ஜெர்சி கோடையில் சர்ச் ஏலத்துக்குப் போகும். அந்த ஜெர்சிகளில் கிழிசல் தைக்கக் கூடாது. கிழிசலோடு இருந்தால்தான் ஏலம் எடுக்கிறவர்களுக்குப் பெருமை. ஊசி, இருக்கிறவர்களின் துணிக்கு மட்டும். இது வெர்னாவே போட்ட விதி, பத்தொன்பது வருஷமாக மீறியதில்லை.

ஆகவே மே மாதம் பிறந்தால் கிரேன்வுட்டில் திடீரென்று எல்லாருக்கும் துணி கிழியும். தானியக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆர்வில், ஒரே பழுப்பு பேண்டோடு அந்த வாரத்தில் மூன்றாவது தடவையாக வந்து நின்றார்.

“வெர்னா, இத ஒரு இன்ச் குறைக்கணும்.”

“திங்கக்கிழமதான குறைச்சேன்?”

“பத்தல.” கண் மட்டும் அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த அட்டைப்பெட்டிகளில். “அப்புறம்... யாரு யாரு பேரு பிரியுது?”

“ஆர்வில், நாளைக்கும் வந்தீங்கன்னா அரை டவுசரா கையில குடுத்துருவேன்.”

“நீ சொல்லவே வேணாம்மா. நான் ஒவ்வொரு பேரா சொல்றேன். போறவன் பேரு வந்தா லேசா ஒரு இருமல். அவ்வளவுதான். யாருக்குத் தெரியப்போகுது?”

வெர்னாவுக்கு அன்றைக்கு நிஜமாகவே ஜலதோஷம். ஆர்வில் மூன்றாவது பெயராக, கோல் காக்கிற ஃப்ரீசனைச் சொன்னபோது அவளுக்கு வந்த இருமலில் மிட்டாய் மேஜையின் அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஆர்வில் பேண்டை உடை மாற்றும் மறைப்பில் தொங்கவிட்டுவிட்டு ஓடிப்போனார். மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க ஃப்ரீசனுக்காக அழுதது. பாவம், ஃப்ரீசனின் மாமியார் வீட்டுக்கு யாரோ ஆறுதலாக இறைச்சி வடை பாத்திரத்தோடு போய்விட்டார்கள்.

புதன்கிழமை காலையில் கார்த் பட்டியலோடு வந்தார். பச்சைப் பாம்புத்தோல் பூட்ஸ், கழுத்துவரை கோட்டு. நல்ல மனுஷர்தான், ஆனால் கெட்ட செய்தி என்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் நாலு பெயர். மூன்றாவது, நான்காம் எண் ஜெர்சிக்காரன் கென்ட் ஓலாஃப்சன்.

வெர்னா அதை இரண்டு தடவை படித்தாள். கென்ட்டுக்கு முப்பத்தாறு வயது; பன்னிரண்டு வருஷமாக இதே அணிக்குத் தடுப்பாட்டக்காரன். அவன் ஜெர்சியில் துணியைவிட நூல்தான் அதிகம்.

“உங்களுக்கு என்ன கிறுக்கா?” என்றாள்.

“டீமுக்கு என்ன வேணும்னு நாலு பேரு உக்காந்து யோசிச்சுதான்...”

“நாலு பேரு உக்காந்தீங்க சரி, ஒருத்தராவது ஜெர்சிய உள்ள புரட்டிப் பாத்தீங்களா?” பெட்டியிலிருந்து ஒரு ஜெர்சியை உருவி மேஜையில் விரித்தாள். “இது உங்க முப்பத்தொரு கோல் பையன். தடவிப் பாருங்க. கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போலாம். இவன வெச்சுக்கறீங்க. மூலைக்குப் போறவன அனுப்பறீங்க!”

“நீங்க துணிய தைங்க வெர்னா, நான் டீம தைக்கறேன்.”

“அதான் லட்சணம் தெரியுதே, ஏழாவது ஆட்டத்துல!” வெர்னாவுக்கு ஏறிவிட்டது. கோல் காக்கிற ஃப்ரீசனின் ஜெர்சியை எடுத்து வீசினாள். “டீமுக்கு என்ன வேணும்னு நான் சொல்றேன், எழுதிக்கங்க. கிழிஞ்சதெல்லாம் எங்க இருக்கு பாருங்க. வலது தோள், வலது கை, வலது விலா. இடப்பக்கம் ஒரு நூல் போகல. ஏன்? வலப்பக்கம் காவல் இல்ல! வர்றவன் போறவன்லாம் இவன் மேல வந்து விழுந்திருக்கான். உங்களுக்கு வலப்பக்கம் நிக்க ஒரு ஆள் வேணும்.”

கார்த் மெதுவாகக் கேட்டார். “இப்ப வலப்பக்கம் நிக்கறது யாரு, வெர்னா?”

வெர்னா வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். வலப்பக்கம் நிற்கிறவன் கென்ட்.

ஜோசியம் தன் தலையிலேயே விடிந்ததில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. சமாளித்துக்கொண்டு ஃப்ரீசனின் ஜெர்சியை மடித்தாள். உண்மையைச் சொன்னால், இது அவளுக்குப் புதிதும் இல்லை. ஜனவரியிலிருந்தே தெரியும். ஆட்டக்காரர்கள் பெஞ்சிலிருந்து களத்துக்குப் பலகைச் சுவரைத் தாண்டிக் குதித்துத்தான் போவார்கள், வருவார்கள். முட்டி மக்கர் பண்ணுகிறவர்களுக்குத்தான் பக்கத்தில் இருக்கிற சின்ன கேட். அந்த கேட்டின் தாழ்ப்பாள் இடுப்பு உயரத்தில் இருக்கும். ஜனவரியிலிருந்து கென்ட்டின் ஜெர்சி இடது இடுப்பில், கொக்கி போட்ட மாதிரி, ஒரே இடத்தில் கிழிந்து வந்தது. ஒன்பது தடவை. ஒன்பது தடவையும் வெர்னா உள்பக்கமாகத் தைத்தாள், யாரிடமும் மூச்சு விடவில்லை. இப்போதும் கார்த்திடம் விடவில்லை.

“சரி,” என்றாள். “அவன்ட்ட சொல்லியாச்சா?”

கார்த் தன் பூட்ஸைப் பார்த்தார். “நேத்து கூப்பிட்டுப் பேசினேன்.”

“சொன்னீங்களா?”

“பேச்சு வேற பக்கம் போயிருச்சு.”

“எந்தப் பக்கம்?”

“மீன் பக்கம்.”

“மீனா?”

“ஏரியில இந்த வருஷம் பனி சீக்கிரம் உருகுது, மீன் நல்லா கிடைக்கும்னு... வெர்னா, வெள்ளிக்கிழம பத்திரிகைக்காரங்க வர்றாங்க. நீங்க பேரப் பிரிச்சு பெட்டியில வெச்சிட்டீங்கன்னா, பட்டைய அவன் வீட்டுக்கு அனுப்பிட்டு...”

“தொலைச்சிருவேன்.” வெர்னா கத்தரியை மேஜையில் வைத்தாள். “போன வருஷம் பண்ணினது பத்தாதா?”

போன வருஷம், சொல்லியாயிற்று என்று கார்த் போனில் சொன்னதை நம்பி, டெவின் ப்ராட் என்ற பையனின் பெயரைப் பிரித்து வைத்திருந்தாள். அவன் பை ஜிப் தைக்க வந்தான். டீக்கோப்பைக்குப் பக்கத்தில் தன் பெயர் கிடப்பதைப் பார்த்தான். “ஜிப் பரவால்ல, அப்புறம் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனான். இன்றைக்கும் ஜிப் தைக்கிறபோதெல்லாம் வெர்னாவுக்கு அந்த முகம் வந்து நிற்கும்.

“நீங்க வாயால சொல்லாதத என் கத்தரி சொல்லாது. கென்ட் இங்க வந்து தெரிஞ்சுக்கக் கூடாது. போய் சொல்லிட்டு வாங்க. மீன் வேணாம்.”

அப்போது வாசலில் ஒரு பழைய லாரி வந்து நின்றது. கென்ட்டின் லாரி. கார்த் கண்ணாடி வழியாகப் பார்த்தார், வெர்னாவைப் பார்த்தார், நாற்பத்தெட்டு வயது மனுஷர் இரண்டே எட்டில் உடை மாற்றும் மறைப்புக்குள் புகுந்து திரையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கென்ட் கையில் டோனட் பெட்டியோடு வந்தான். சீசன் முடிந்தால் நன்றி சொல்ல வருகிற ஒரே ஆட்டக்காரன் அவன்தான். தாடி போன முகத்தில் இரண்டு பிளேடு வெட்டு. அவனுடைய தம்பி மாதிரி இருந்தான். வெர்னா பட்டியலின்மேல் அவசரமாக ஃப்ரீசனின் ஜெர்சியைப் போட்டாள். கென்ட் அதைப் பார்க்கவில்லை. அவன் பார்த்தது திரைக்குக் கீழே தெரிந்த பச்சைப் பாம்புத்தோலை.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஒரு டோனட்டைக் கடித்தான். கொஞ்சம் சத்தமாகவே ஆரம்பித்தான்.

“வெர்னா, நேத்து ஒருத்தர் என்கூட இருபது நிமிஷம் மீன் பத்திப் பேசினாரு. எனக்கு மீன்னாலே ஆகாதுன்னு பன்னெண்டு வருஷமா அவருக்குத் தெரியும். சரி, இருபத்தொண்ணாவது நிமிஷமாவது விஷயத்துக்கு வருவாருன்னு உக்காந்திருந்தேன். கையக் குடுத்து அனுப்பிட்டாரு.”

திரை லேசாக அசைந்தது.

“கார்த், அந்த பேண்ட் ஆர்விலோடது. உங்களுக்கு முட்டிக்கு மேல ஏறாது. வெளிய வாங்க,” என்றாள் வெர்னா.

கார்த் வந்தார். கையில் ஆர்விலின் பேண்ட் இருந்தது. எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது போல. அதைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றார். முகம் சிவந்து போயிருந்தது.

“சொல்லுங்க,” என்றாள் வெர்னா.

“கென்ட்... அடுத்த வருஷம் உனக்கு இடம் இல்ல. நான்தான் முடிவு பண்ணினேன். நேத்தே சொல்லியிருக்கணும். உன் மூஞ்சியப் பாத்து சொல்ல வரல.”

கென்ட் மீதி டோனட்டை மென்று முடித்தான். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டான். “சரி,” என்றான். எழுந்து கார்த்தின் கையைப் பிடித்துக் குலுக்கினான். தொடர் முடிந்தால் இரண்டு அணியும் வரிசையாக நின்று கை குலுக்குவது பழக்கம் இல்லையா, அந்தப் பழக்கத்தில் அப்படியே நகர்ந்து வந்து வெர்னாவின் கையையும் குலுக்கினான். வரிசையில் வேறு ஆள் இல்லை. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

“பிரிச்சிருங்க வெர்னா. நான் இருக்கும்போதே.”

ஒரு பெயர்ப்பட்டையைப் பிரிக்க அவளுக்கு நாலு நிமிஷம் போதும். அன்றைக்கு ஒவ்வொரு தையலாக எடுத்தாள், கால் மணி நேரம் ஆனது. கார்த் ஒரு மூலையில் நின்றபடியே டோனட் தின்றார். கென்ட் பட்டையை வாங்கி இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். கிளம்புமுன் ஜெர்சியின் இடது இடுப்பை ஒரு விரலால் தொட்டான்.

“உங்களுக்குத் தெரியும்ல?”

“என்னது?” என்றாள் வெர்னா. “துணி பழசு. எங்க தொட்டாலும் கிழியுது.”

கென்ட் சிரித்தான். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினான். கார்த் அவன் பின்னாலேயே லாரிவரைக்கும் போனார். அங்கே இரண்டு பேரும் வெகுநேரம் நின்று பேசினார்கள். மீன் பற்றி இல்லை என்பது கார்த்தின் கையாட்டத்திலேயே தெரிந்தது.

வெர்னா நான்காம் எண்ணை ஏலப் பெட்டியில் போடப் போனாள். இடது இடுப்பில், ஏழாவது ஆட்டத்தில் கிழிந்த பத்தாவது கொக்கி அப்படியே வாய் பிளந்து கிடந்தது. ஏலத்தில் முதல் ஆளாக ஆர்வில் நிற்பார். விரலை விட்டுப் பார்ப்பார். ஐம்பது வருஷம் ஹாக்கி பார்த்த மனுஷர், கேட் தாழ்ப்பாள் என்று உடனே சொல்லிவிடுவார். சாயங்காலத்துக்குள் டோனட் கடைக்கே தெரிந்துவிடும்.

வாசல் கதவைத் தாழ் போட்டாள். மூக்குக் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, ஊசியில் நூல் கோத்து, உள்பக்கமாகக் குனிந்து தைத்தாள். நூலைப் பல்லால் கடித்தாள். பிறகு இரண்டு விரல்களால் தடவிப் பார்த்தாள். விரல் நின்றது. பிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தைக்க ஆரம்பித்தாள்.